மாமியின் வீட்டுக்கு நாங்கள் போட்ட புள்ளி

மாமியின் ஷோகேஸில் தங்கக் கரை போட்ட ஆறு கிளாஸ்கள் இருந்தன. கல்யாணத்துக்கு வந்த பரிசு. கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், மாமியின் வீட்டில், நான் ஆறு வருடங்கள் வளர்ந்தேன். அந்த ஆறு வருடத்திலும் அவற்றில் ஒருவரும் ஒரு மிடறு தண்ணீர் குடித்து நான் கண்டதில்லை. நத்தார்ப் பெருநாளுக்கு முதல் நாள் மாமி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, மாமாவின் பழைய சாரத்துண்டால் துடைத்து, திரும்பவும் கவிழ்த்து வைப்பார். பங்குத்தந்தை வீடு ஆசீர்வதிக்க வந்தபோதுகூடத் தேநீர் சாதாரணக் கோப்பையில்தான் போனது. "அப்ப இதை எப்பத்தான் எடுப்பீங்கள் மாமி?" என்று ஒருமுறை கேட்டேன். "பெரிய ஆக்கள் வரேக்க" என்றார். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு புதன்கிழமை பெரிய ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவது ஆளாக நானும் வந்தேன். ஆறு கிளாஸ்களும் வெளியே வந்தன. என் கைக்கு வந்ததில் ஒரேஞ்ச் குளிர்பானம் இருந்தது. அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடிக்காமல் வைத்தால் ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

மாமா என் அம்மாவின் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துபோக, அம்மாவும் நானும் இரண்டு சூட்கேசுகளோடு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு ஹோல், ஒரு அறை, குசினி, அவ்வளவுதான் வீடு. அறையை மாமி எங்களுக்குக் கொடுத்துவிட்டு மாமாவோடு ஹோலில் படுத்தார். நாங்கள் வெளியேறும் வரை அந்த ஏற்பாடு பற்றி ஒரு வார்த்தை பேசப்பட்டதில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசியது மாமி. பேன் பார்த்தது மாமி. கணக்கில் குறைந்த புள்ளி எடுத்த நாளில் அம்மாவின் அடிக்கு நடுவில் வந்து நின்று தன் கையில் வாங்கிக்கொண்டதும் மாமிதான். இதையெல்லாம் எழுதினால் மாமி ஒரு புனிதை என்று நினைத்துவிடுவீர்கள். இல்லை. வீம்பும் வாயும் கொண்ட மனுசி. ஊரார் என்ன சொல்வார்கள் என்பது அவருக்குப் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளை. துப்புரவு என்றால் பைத்தியம். தன் வீட்டு வாசலோடு நிற்காமல் பொதுப் படிக்கட்டையும் முதல் தளம் வரை தேய்த்துக் கழுவுவார். கழுவிய ஈரத்தில் கால் வைத்தவனின் பரம்பரை முழுவதும் அன்று வசவு வாங்கும்.

நான் படித்து முடித்து, நகரத்துத் தொடர்மாடிகளைப் பார்க்கும் ஒரு அரச சபையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் இப்போதும் எனக்குத்தான் சங்கடம். அதற்குள் அம்மாவும் நானும் வெள்ளவத்தைக்கு மாறியிருந்தோம். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகை வீடு. கந்தோரில் யாராவது "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் "வெள்ளவத்தை" என்பேன். அது பொய் இல்லை. நடுவில் ஆறு வருடங்களை விட்டுவிட்டுச் சொன்ன உண்மை. சபையின் தொடர்மாடியில் வளர்ந்தவள் என்று தெரிந்தால் என்ன குடியா முழுகிவிடும்? முழுகாது. ஆனாலும் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு இருந்தது வெறும் பகட்டு. அதை இப்போது அழகான சொல் போட்டு மூட விருப்பமில்லை.

அந்தத் தொடர்மாடியில் ஒவ்வொரு தளத்திலும் சுவரில் ஒரு இரும்புக் கதவு உண்டு. அதைத் திறந்து குப்பையைப் போட்டால் குழாய் வழியாகக் கீழே ஒரு அறையில் விழும். அந்த அறைக்கும் மாமியின் படுக்கை அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் சின்னவளாக இருந்தபோது சபையின் சொந்த லொறி தினமும் காலையில் வந்து அறையைக் காலி செய்துவிட்டுப் போகும். பிறகு அந்த வேலை ஒரு கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. தினமும் என்பது மூன்று நாளுக்கு ஒருமுறையாயிற்று. மூன்று நாள், அவர்கள் நினைத்த நாளாயிற்று. அறை நிரம்பி, குழாயும் இரண்டாம் தளம் வரை நிரம்பி நிற்கும். மீன் செதிலும் குழந்தைகளின் பம்பர்ஸும் பழைய சோறும் ஒன்றாக ஊறி, அந்தத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். மாமியின் பக்கத்தில் சுவர் முதலில் மஞ்சளாயிற்று, பிறகு கறுத்தது, பிறகு விரலால் தொட்டால் உதிர்ந்தது. மழைநாளில் அடியிலிருந்து புழு ஏறும். மாமி உப்பும் ப்ளீச்சிங் பவுடரும் போட்டுக் கூட்டி அள்ளுவார்.

மாமாவுக்குப் பாரிசவாதம் வந்ததும் அதே காலத்தில்தான். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஹோலில் கட்டில் போட்டால் சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. அறையில் போட்டால் அந்தச் சுவரோடுதான் போட வேண்டும், மற்றப் பக்கம் ஜன்னலும் கழிவறைக் கதவும். ஆகவே மாமா அந்தச் சுவரோடு படுத்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சில் சளி கட்டி வார்டுக்குப் போய் வந்தார். "இந்த ஈரச் சுவருக்குப் பக்கத்தில படுக்க வைச்சிருந்தா நான் தாற மருந்து எல்லாம் தண்ணிதான் அம்மா" என்று டொக்டர் சொன்னதாக மாமி என்னிடம் சொன்னார். மாமிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்தச் சுவரை இடித்துக் கட்டி, குப்பை அறையை அங்கிருந்து எடுக்க வேண்டும். அதற்கு முறைப்பாடு எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்கள் சுற்றி வந்து சேர்ந்த மேசை என்னுடையது. என் எழுத்தைத் திருத்திய அதே வட்டமான கையெழுத்து. நான் இலக்கம் போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தேன். "உங்கள் முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று அச்சடித்த தாளை மாமியின் விலாசத்துக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது மாமி அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார். "உன்ர கையெழுத்து நல்லாத் திருந்தியிருக்கு பிள்ளை" என்பார்.

பிறகு சபையில் ஒரு மேற்பார்வைக் குழு வந்தது. குப்பை அள்ளும் கம்பனி ஒழுங்காக அள்ளுகிறதா, சபையின் வீடுகள் மனிதர் வாழும் நிலையில் இருக்கின்றனவா என்று நேரில் பார்த்துப் புள்ளி போடுவது அதன் வேலை. மணத்துக்கு இத்தனை, படிக்கட்டுக்கு இத்தனை, குப்பை அறைக்கு இத்தனை, வீட்டுச் சுவருக்கு இத்தனை, மொத்தம் நூறு. ஐம்பதுக்குக் கீழே விழும் தொடர்மாடி திருத்தப் பட்டியலில் ஏறும். ஐம்பதைத் தாண்டினால் "திருப்தி" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள், இரண்டு வருடத்துக்கு அங்கிருந்து வரும் முறைப்பாடு ஏற்கப்படாது. குப்பை அதிகம் உள்ளவன்தான் வெல்வான் என்ற இந்த விளையாட்டின் விதியை வீடுகளில் இருக்கிற சனத்துக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டுமென்றே ஊத்தையாக்கிவிடுவார்களாம். கூட்டத்தில் ஒரு உறுப்பினர் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். அந்தக் குழுவுக்குக் குறிப்பு எழுதுவதும், சிங்களத்தில் அவர்கள் கேட்பதைத் தமிழில் சனத்திடம் கேட்டுச் சொல்வதும் என் பொறுப்பாயிற்று.

முதல் பயணத்துக்கு எந்தத் தொடர்மாடிகளுக்குப் போவது என்ற பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான். மாமியின் தொடர்மாடியை அதில் சேர்த்தேன். முறைப்பாடுகள் குவிந்து கிடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. வாங்கிச் சாப்பிட்ட சோற்றுக்குச் செய்கிற கைமாறு என்று நினைத்தேன். கந்தோர் மாடிப்படியில் நின்று மாமிக்கு ஃபோன் எடுத்தேன்.

"வாற புதன்கிழமை காலமை குழு வருது மாமி. நானும் வருவன். நீங்கள் வீட்டில நில்லுங்கோ. நான் சொன்னதெண்டு ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

"மெய்யாவோ? எத்தினை பேர் பிள்ளை?"

"என்னோட ஆறு பேர்."

"கடவுளே" என்றார் மாமி. குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி விட்டுவையுங்கள், ஒரு தும்பையும் அசைக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. யாரோடு கதைக்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். ஆறு வருடம் அந்த மனுசியோடு இருந்தவள், விருந்தாளி வருகிறார் என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவள், மறந்துவிட்டேன்.

புதன்கிழமை சபையின் வான் வண்டியில் போகும்போது குழுத் தலைவர் வேறு ஒரு கந்தோரின் கதையைச் சொன்னார். அங்கே ஒரு அதிகாரி தன் மைத்துனனின் தொடர்மாடியைப் பட்டியலில் சேர்த்துவிட்டானாம், கண்டுபிடித்து வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். "எங்கட நங்கிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, வெள்ளவத்தை ஆள்" என்று சிங்களத்தில் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். நங்கி என்றால் தங்கச்சி, என்னை அப்படித்தான் கூப்பிடுவார். போகும் இடங்களில் எனக்கு உறவினர் எவரும் இல்லை என்று எழுதிய தாளில் நான் முதல் வாரமே கையெழுத்திட்டிருந்தேன். கையெழுத்திட்டபோது அது ஒரு சும்மா தாள். வானுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கியதும் முதலில் தெரிந்தது மணம் இல்லை என்பது. பினாயிலும் ஊதுபத்தியும் மட்டும் மணத்தன. வாசலில் இருந்த குட்டைக்கு மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். படிக்கட்டு நான்கு தளமும் கழுவிக் காய்ந்திருந்தது. குப்பை அறையின் கதவு திறந்திருக்க, உள்ளே சீமெந்துத் தரை தெரிந்தது. அந்தத் தரையை என் வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு ஆள் என்று எல்லோரும் சேர்ந்து முதல் நாள் பகல் முழுவதும் வெறுங்கையால் அள்ளி, உரப்பைகளில் கட்டி, தள்ளுவண்டியில் பிரதான வீதி வரை கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் இருவர் அதற்காக லீவு போட்டிருந்தார்களாம். மாமிதான் தலைமை. ஞாயிறு பூசைக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பெண்கள் சிலர் தலைக்குப் பூ வைத்திருந்தார்கள். எங்கள் ஆறு பேரில் ஒருவர் குப்பைக் கம்பனியின் பிரதிநிதி. திட்டு வாங்கத் தயாராக வந்த மனுசன், அறைக்குள் எட்டிப் பார்த்ததும் அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. உடனே ஃபோனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

மாமியின் வீட்டுக்குள் போனோம். அந்தச் சுவருக்கு இரண்டு பூச்சு டிஸ்டெம்பர் அடித்திருந்தார்கள், இளநீலம். அடியில் இன்னும் ஊறும் இடத்தை மறைத்து ஷோகேஸை ஹோலிலிருந்து இழுத்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் புது மின்விளக்கு. கட்டிலில் கல்யாணத்துக்கு வாங்கிய பூவேலை விரிப்பு. அதன் மேல் மாமா, முகம் வழித்து, தலை வாரி, வெள்ளைச் சேர்ட்டுக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டு, தலையணைகளில் சாய்த்து இருத்தப்பட்டிருந்தார். மேசையில் கேக்கும் பட்டீஸும் அந்த ஆறு கிளாஸ்களும்.

ஒரு சொல் போதும் எனக்கு. இது நேற்றுக் கழுவியது ஐயா, இந்த ஷோகேஸைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். அவ்வளவுதான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் இங்கேதான் சோறு சாப்பிடுகிறேன், இவர் என் மாமா, அந்தத் தாளில் நான் போட்டது பொய்க் கையெழுத்து, இவர்களுக்கு முன்கூட்டியே சொன்னதும் நான்தான் என்று சொல்ல வேண்டிவரும். நான் கோப்பைத் திறந்தேன். பேனையை எடுத்தேன்.

"அம்மா, உங்கட பேர் என்ன?"

மாமி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, பிறந்த பெயர், கணவரின் பெயர் எல்லாம் சேர்த்து முழுவதாகச் சொன்னார். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். வீட்டில் எத்தனை பேர்? "நானும் அவரும்தான் மிஸ்." என்னை மிஸ் என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

அப்போது மாமா என்னைக் கண்டுவிட்டார். இடது கை மெல்ல மேலே எழுந்தது. என்னைப் பார்த்து, வாயின் ஒரு பக்கத்தால், முகமெல்லாம் சிரித்தார். கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வா என்பதுபோல். நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலைவர் கவனித்துவிட்டார். நங்கியைத் தெரியுமா இவருக்கு என்று சிங்களத்தில் கேட்டார். மாமிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். நான் வாய் திறக்க முதல் அவரே பதில் சொன்னார்: "ஆரைக் கண்டாலும் அப்பிடித்தான் சேர். மூளைக்கு அடிச்சாப்போல ஒருத்தரையும் தெரியாது." சொல்லிவிட்டு மாமாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, விரிப்புக்குள் வைத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டார். மாமாவுக்கு மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பேச்சுத்தான் போயிருந்தது. மனைவி சொன்னதை அவர் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது, பிறகு போய்விட்டது.

தலைவர் கேக் சாப்பிட்டார். "ஹரி ஹொந்தய்", மிக நல்லது, என்றார் திருப்தியாக. ஏழைகளாக இருந்தாலும் எவ்வளவு துப்புரவு என்று வானில் திரும்பும்போது எல்லோரும் வியந்தார்கள். எண்பத்திரண்டு புள்ளி. அன்று பார்த்த தொடர்மாடிகளில் அதுதான் முதலிடம்.

அன்று பின்னேரம் மாமி ஃபோன் எடுத்தார். "எப்பிடிப் பிள்ளை, உனக்கு மரியாதைக் குறைவில்லாமல் செய்தனானோ?" என்று கேட்டார். நான் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருக்க முடியவில்லை. போய், எண்பத்திரண்டு என்று சொன்னேன். மாமி கைதட்டினார். "எண்பத்திரண்டோ!" என்று வாசலுக்குப் போய் மேலே பார்த்து, மேல்மாடி அன்ரியைக் கூப்பிட்டுச் சொன்னார். படிக்கட்டு முழுவதும் செய்தி ஏறியது. என் பரீட்சை முடிவு வந்த நாளில்கூட அந்த வீட்டில் அப்படி ஒரு ஆரவாரம் இருந்ததில்லை. அது முடியும் வரை காத்திருந்து, பிறகு விதியைச் சொன்னேன். ஐம்பதுக்குக் கீழே என்றால் இது, மேலே என்றால் இது.

மாமி கட்டில் ஓரத்தில் இருந்தார். "அப்ப ஊத்தையா விட்டிருந்தா சுவரைக் கட்டித் தந்திருப்பினமோ?"

"ஓம்."

"அதை ஏன் பிள்ளை நீ முதலே சொல்லேல்லை?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதாமல் விடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் எழுதுகிறேன். "நீங்கள் இப்பிடி விசர்வேலை பாப்பீங்கள் எண்டு நான் என்ன கனவா கண்டனான்? ஆக்கள் வருகினம் எண்டவுடன கேக்கும் பட்டீஸும்! நாத்தத்தில கிடந்துகொண்டு உங்களுக்கு என்ன பெரிய மானம்?" என்று கத்தினேன். மாமா கண்களை மூடிக்கொண்டார். மாமி எழுந்து போய் எனக்குச் சோறு போட்டார். அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பத்து நாளில் குப்பை அறை பழையபடி நிரம்பியது. கம்பனி அந்தப் படங்களைக் காட்டி ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டது. இளநீலப் பூச்சின் கீழிருந்து கறுப்பு மெல்ல மேலே வந்தது. மாமி மறுபடியும் முறைப்பாடு எழுதினார். திருப்தி என்று மூடிய கோப்பு என்பதால் ஏற்க முடியாது என்ற பதில் கடிதத்தைத் தயாரித்துக் கையெழுத்திட்டேன். வேறு யாரையாவது கையெழுத்திடச் சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்லிக் கேட்பது? அதன் பிறகு மாமியிடமிருந்து கடிதம் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்கி மூன்றாம் வாரம் மாமாவுக்கு மூச்சு இழுத்தது. வார்டில் ஐந்து நாள் இருந்தார். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒட்சிசன் மூடியை மாட்டியிருந்தார்கள். என்னைக் கண்டார். கையைத் தூக்கவில்லை. முடியாததால்தான் தூக்கவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பதிகாரி. குழுக்கள் மாறிவிட்டன, தாள்களுக்குப் பதிலாகக் கணினி வந்துவிட்டது, புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு வருடத் தடை முடிந்து அடுத்த சுற்றில் அந்தத் தொடர்மாடி நாற்பதுக்குக் கீழே எடுத்தது. மாமி யாரையும் கூட்டி எதையும் கழுவவில்லை. குப்பை அறையை வெளியே கொண்டுபோய், சுவரை இடித்துக் கட்டினார்கள். நல்ல வேலை, நானே போய்ப் பார்த்து ஒப்பமிட்டேன். அந்தப் பக்கம் இப்போது கட்டில் இல்லை. மாமி தனியாக ஹோலில் படுக்கிறார். அறையில் சுவர் நன்றாகக் காய்ந்து வெள்ளையாக நிற்கிறது. இன்றும் ஞாயிறுகளில் போகிறேன். சோறு போடுகிறார். என் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார். ஒருநாளும் பழையது எதையும் எடுத்ததில்லை. ஒரு தரம் வாய் விட்டு ஏசினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன்.

மாமா இறந்த அன்று பகல் நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. மாமி அறை வாசலில் ஒரு கதிரையில் இருந்தார். மரண நோட்டீஸ் அடிக்கிறவர் ஃபோனில் காத்திருந்தார். எங்கள் சனத்தின் நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மாமனார், பாட்டனார் என்று பெயர்கள் வரிவரியாக நீளும். செத்தவரின் படத்தைவிட அந்தப் பெயர்களைத்தான் சனம் நின்று வாசிக்கும். மாமாவுக்குப் போட என்று இருந்தவை இரண்டே வரி. மனைவி என்று ஒன்று. மருமகள் என்று ஒன்று. அம்மா அப்போது சுகமில்லாமல் வெள்ளவத்தையில் இருந்தார். தன் பெயரைப் போட வேண்டாம், அண்ணன் பிள்ளையாய் வளர்த்த மகளின் பெயரைப் போட்டால் போதும் என்று அழுதுகொண்டே சொல்லியனுப்பியிருந்தார்.

அதே மாதம்தான் கந்தோரில் ஒரு விசாரணை தொடங்கியிருந்தது. அந்த நாறல் தொடர்மாடிக்கு எப்படி எண்பத்திரண்டு கிடைத்தது என்று யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். கோப்பைக் கேட்டிருந்தார்கள். உறவினர் எவரும் இல்லை என்ற என் தாள் அதற்குள்தான் இருந்தது. என் பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. இது மாமிக்குத் தெரியும். முந்தின ஞாயிறு நானே பயந்துபோய்ச் சொல்லியிருந்தேன்.

மாமி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"உன்ர பேரைப் போடவோ பிள்ளை? கந்தோர் ஆக்கள் ஆரும் பாத்தா உனக்குக் கரைச்சலோ?"

அந்தக் குரலில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், அழுதிருப்பேன், போடுங்கோ மாமி என்று கத்தியிருப்பேன். ஒரு குத்தலும் இல்லை. மழைக்குக் குடை கொண்டுபோறியோ என்று கேட்பதுபோல், எனக்காக யோசித்து, உண்மையாகவே கேட்டார். புருசன் செத்து நான்கு மணித்தியாலம் ஆகியிருந்தது.

"எங்கையெல்லாம் ஒட்டுவினம் மாமி?" என்று கேட்டேன்.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனைக் காதில் வைத்தார். "தம்பி, மருமகள் எண்டு ஒண்டும் இல்லை. மனைவியின்ர பேரை மட்டும் போடுங்கோ" என்றார். எழுத்துக் கூட்டித் தன் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்.

நோட்டீஸைக் கோயில் வாசலிலும் சந்தையடியிலும் எங்கள் வான் திரும்பும் முடக்கு மின்கம்பத்திலும் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் குழுவோடு அந்த வழியால் போனபோது சிவப்பு விளக்குக்கு வான் நின்றது. தலைவர் ஜன்னலால் அந்தப் படத்தைப் பார்த்தார். வெள்ளைச் சேர்ட்டில் மாமா. அந்தக் கேக் வீட்டு மனுசன் அல்லவா இது, பாவம், ஒரு மனைவியைத் தவிர ஒருத்தரும் இல்லையா இவருக்கு என்று கேட்டார். நோட்டீஸில் இருந்ததை அவருக்காகத் தமிழிலிருந்து வாசித்துச் சொன்னேன். ஒருத்தரும் இல்லைப்போல இருக்கு சேர் என்றேன்.